காய்ச்சல் நாளுக்கும் கூலி கொடுங்கள்

மதிப்பிற்குரிய அரசுச் செயலாளர் அவர்களுக்கு,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.



2021 ஜனவரி 16 அன்று நாட்டில் கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. முதல் வரிசையில் மருத்துவர்களும் செவிலியர்களும் நின்றார்கள். பிப்ரவரி 2 முதல் முன்களப் பணியாளர்கள்: காவல்துறை, வருவாய்த்துறை, உள்ளாட்சி ஊழியர்கள். அறுபது வயது கடந்த பொதுமக்கள்கூட மார்ச் 1 வரை காத்திருந்தார்கள். குப்பை வண்டி தள்ளுகிறவருக்கு முன்னதாகவே ஊசி கிடைத்தது என்பது சிறிய விஷயம் இல்லை. எல்லாவற்றிலும் கடைசியாக நிற்கவைக்கப்படுகிறவர்களை ஒருமுறையாவது முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அதை யார் செய்திருந்தாலும் பாராட்ட வேண்டும்.

ஆனால் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் படுத்துவிட்டால் அன்றைய கூலி என்ன ஆகும்? நிரந்தர ஊழியருக்கு லீவு இருந்தது. ஒப்பந்தப் பணியாளர் மேஸ்திரியைக் கேட்டார், மேஸ்திரி சூப்பர்வைசரைக் கேட்டார், சூப்பர்வைசர் காண்ட்ராக்ட்காரரைக் கை காட்டினார். பல ஊர்களில் அந்தக் கேள்வி அதோடு நின்றுபோனது. அந்தக் கேள்வியைத்தான் இந்த மடலில் தங்கள் முன் வைக்கிறேன்.

பெருந்தொற்று முடிந்துபோன பிறகு இதை ஏன் கிளற வேண்டும் என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. முகக்கவசம் போய்விட்டது, கோப்புகளும் கட்டி வைக்கப்பட்டுவிட்டன. விதி எழுத இதுதான் நேரம் என்பது என் எண்ணம். தொற்று பரவும்போது எழுதப்படுவது சுற்றறிக்கை. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும், காலை ஆறு மணிக்கு அமலாகும், யாரையும் கேட்டு எழுதியதாக இருக்காது. யாருக்கு லீவு, யாருக்குச் சம்பளம், யார் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் அந்த அவசரத்தில் முடிவு செய்தால், பேச ஆள் இருக்கிறவருக்குச் சலுகை போகும், இல்லாதவருக்கு உத்தரவு போகும். நாம் பார்த்தது அதைத்தான்.

ஒரே தெருவில் இரண்டு பேர் பெருக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர். அவருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு, ஈட்டிய விடுப்பு உண்டு, மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு உண்டு. வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்து தனிமைப்படுத்தப்பட்டால் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்ற வழியும் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூன் 7 அன்று தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆணையில், தொற்று உறுதியானால் 20 நாள் வரை விடுப்பு, பெற்றோருக்கோ சார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கோ வந்தால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று தெளிவாகவே எழுதியது.

அதே தெருவின் மறுபக்கம் பெருக்குகிறவர் அவுட்சோர்சிங்கில் வந்தவர். அவருக்கு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. இருவரும் அள்ளுவது ஒரே வீட்டுக் குப்பையைத்தான். வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் குப்பையை மஞ்சள் பையில் தனியாக வாங்கச் சொன்னார்களே, அந்தப் பையையும் இருவரும்தான் வாங்கினார்கள். துப்புரவு போன்ற பணிகளை அவுட்சோர்சிங்குக்கு விட வழிசெய்து 2022இல் தங்கள் துறை வெளியிட்ட அரசாணை 152க்குப் பிறகு மாநகராட்சிகளில் இரண்டாமவர் எண்ணிக்கைதான் கூடிக்கொண்டு போகிறது. அந்த ஆணை சரியா தவறா என்ற வழக்கை இங்கே நடத்த வரவில்லை. அதில் எனக்குக் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு, அது வேறு மடல். நான் கேட்பது இதுதான்: விடுப்பு விதி நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருந்தால், நிரந்தர ஊழியர் குறையக் குறைய அந்த விதி யாருக்காக இருக்கும்?

“ஒப்பந்தத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே” என்று அதிகாரிகள் சொல்வார்கள். இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் அதில் வருவார். அவர் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், வேலை கொடுப்பவர் பங்கு 3.25 சதவீதம். நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காகிதத்தில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். காண்ட்ராக்ட்காரர் பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டாலோ, டெண்டர் மாறிப் புதுக் காண்ட்ராக்ட்காரர் வந்து பழைய எண்ணில் சேர்க்காமல் புதிதாகப் பதிந்தாலோ கணக்கு அறுந்துபோகிறது. மாதாமாதம் கையில் வரும் சம்பளத்தில் பிடித்தம் மட்டும் சரியாக நடந்திருக்கும்.

இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. இ.எஸ்.ஐ. விதிப்படி நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் விலக்கு. இந்த இரண்டு நாளை நினைத்துப் பாருங்கள். தடுப்பூசிக் காய்ச்சல் பெரும்பாலானோருக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்த இரண்டு நாள் முழுக்க இ.எஸ்.ஐ. கணக்குக்கு வெளியே விழுந்துவிடுகிறது. கொரோனாவும் சரி, ஃப்ளூ காய்ச்சலும் சரி, அறிகுறி தெரிய ஆரம்பிக்கும் முதல் சில நாட்களில்தான் மற்றவருக்கு வேகமாகத் தொற்றும். எந்த நாளில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று பொது சுகாதாரம் விரும்புகிறதோ, அந்த நாளில் அவர் வீட்டில் இருந்தால் கூலி இல்லை. மூன்றாம் நாளிலிருந்து பணம் தருகிறோம் என்று சொல்கிற விதி, முதல் இரண்டு நாள் வேலைக்கு வா என்று சொல்லாமல் சொல்கிறது.

அவர்கள் வந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். எந்த ஊராகவும் இருக்கலாம். 2021 ஏப்ரலில் ஒரு நகராட்சியில் பணியாளர்கள் வருகையைப் பதியும் மஸ்டர் பாயிண்ட். காலை ஆறு மணி இன்னும் ஆகவில்லை. ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முப்பது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள், முகக்கவசத்தின் மேல் புடவைத் தலைப்பையும் சுற்றியிருக்கிறார்கள். மேஸ்திரி கையில் நெற்றிச் சூடு பார்க்கும் கருவி. ஒவ்வொருவராக நெற்றியைக் காட்டிவிட்டுப் போனில் முகப்பதிவு செய்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். சூடு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைக்கு ஆப்சென்ட்.

நாற்பது வயது தாண்டிய ஒரு அம்மா டீக்கடையோரம் உட்கார்ந்து ஒரு பாராசிட்டமால் மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லையா அக்கா என்றேன். “நேத்து ஊசி போட்டாங்க சார். ராத்திரியெல்லாம் குளிர். இத முழுங்கிட்டு ஒரு மணி நேரம் இருந்தா சூடு எறங்கிடும், மேஸ்திரி மிஷினு ஒண்ணும் சொல்லாது.” இன்னைக்கு ஒரு நாள் படுத்திருக்கக் கூடாதா என்றேன். “படுக்கலாம். நாளைக்கும் எந்திரிக்க முடியலன்னா? மூணு நாள் சேர்ந்தாப்ல வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க.” பக்கத்தில் இருந்த இன்னொருவர் தான் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை என்றார். பயமா என்று கேட்டதற்கு, “பயமெல்லாம் இல்ல சார், சனிக்கிழம போட்டா ஞாயித்துக்கிழம படுத்துக்கலாம்னு பாக்குறேன், ஞாயித்துக்கிழமையும் எங்களுக்கு வேல இருக்குதே” என்றார்.

இந்த இரண்டாமவரை அரசின் புள்ளிவிவரம் எப்படிப் பதிவு செய்திருக்கும்? ‘தடுப்பூசித் தயக்கம்’ என்று. அந்தத் தலைப்பின் கீழ் விழிப்புணர்வுப் பாடல் ஒலிபரப்பினோம், துண்டுப்பிரசுரம் கொடுத்தோம், வண்டியில் மைக் கட்டினோம். அவருக்குத் தேவைப்பட்டது கூலியோடு ஒரு நாள் ஓய்வு. இப்படித் தவறான தலைப்பில் எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதே நிலையில் இருந்த இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். டி.பி.சி. ஊழியர்கள் என்று நகராட்சிகளில் அழைக்கப்படும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்து மருந்து ஊற்றுகிறவர்கள். பல ஊர்களில் இவர்களைக் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். வெப்பமானியும் ஆக்சிமீட்டரும் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்காவது சளி இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, எத்தனை நாளாக என்று வாசல் வாசலாகக் கேட்டு எழுதினார்கள். ஊரார் காய்ச்சலை எழுதிய அந்த நோட்டில் தங்கள் காய்ச்சலை எழுத அவர்களுக்கு இடமில்லை. தினக்கூலி.

உண்மையான தயக்கமும் இருந்தது, மறுக்கவில்லை. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் பயப்படக் கூடாது என்பதற்காகவே அரசு மருத்துவமனைக்குப் போய், ஊடகங்கள் முன்னிலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய வல்லுநர் குழு அந்த ஆண்டு அக்டோபரில்தான் சொன்னது. இடைப்பட்ட ஆறு மாதம் ஒவ்வொரு மஸ்டர் பாயிண்ட்டிலும் அந்தப் பேச்சுதான். நல்ல மனதோடு செய்த ஒரு காரியம் இப்படித் திரும்பியது யார் தவறும் இல்லை. ஆனால் பயந்தவரிடம் உட்கார்ந்து பேச ஒரு மருத்துவரை அனுப்புவதற்குப் பதிலாக, பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டிய இடங்கள் உண்டு. ஊசி போடாதவர்கள் என்று தலைப்பிட்டு, வரிசை எண் போட்டு. தூய்மைப் பணியில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே தொடத் தயங்கும் ஊரில், ‘இவரிடம் நோய் இருக்கலாம்’ என்று ஒரு பட்டியலும் சேர்ந்தால் அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. ஒருவரின் தடுப்பூசி விவரமும் நோய் விவரமும் மருத்துவ ஆவணம். அதைப் பார்க்க வேண்டியவர் சுகாதார அலுவலர். மேஸ்திரிக்கோ காண்ட்ராக்ட்காரருக்கோ டீக்கடையில் நிற்பவருக்கோ அது எதற்கு?

கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் மாநிலத்துக்கு இது புதிதில்லை. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது; பெரியம்மைக் காலத்தில் அம்மை குத்துவதற்கென்றே உள்ளாட்சிகள் ஆள் வைத்திருந்தன. அதே சட்டத்தின் கீழ்தான் 2021 நவம்பரில், பொது இடத்துக்கு வருகிறவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று பொது சுகாதார இயக்குநரகம் ஆணையிட்டது. தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் தமிழ்நாடு அரசு அந்த நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றத்திலும் ஆதரித்து வாதிட்டது. 2022 மே 2 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தன் உடல்மீது ஒருவருக்கு உள்ள உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும். யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது. அதே சமயம் பொது நலன் கருதி அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம். ஆனால் அவை தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். அப்போதிருந்த தொற்று நிலவரத்தில், தடுப்பூசி போடாதவர்கள் மீது விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகள் அந்த அளவை மீறியவை என்று நீதிமன்றம் கருதியது. அதற்கு முந்தைய ஆண்டே, கடைக்காரர்களையும் டாக்சி ஓட்டுநர்களையும் ஊசி போடாமல் தொழில் செய்யக் கூடாது என்று தடுத்த ஆணைகளை மேகாலயா உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்திருந்தது.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு, தடுப்பூசி வேண்டாம் என்கிறவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைப்பவர்களோடு நான் இல்லை. தடுப்பூசி உயிர் காத்தது. நகராட்சி ஊழியர் ஒவ்வொருவரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே விரும்புகிறேன். அதற்கான வழி எது என்பதில்தான் என் வாதம்.

நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 2021 அக்டோபர் 20 அன்று மேயர் பில் டி பிளாசியோ, நகராட்சி ஊழியர்கள் எல்லோரும் அந்த மாதம் 29க்குள் முதல் ஊசி போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சம்பளமில்லாத விடுப்பு என்று அறிவித்தார். நகர மையங்களில் போட்டுக்கொண்டவர்களுக்கு 500 டாலர் தந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, சில பகுதிகளில் சில நாட்கள் குப்பை தேங்கியது. 2022 பிப்ரவரியில் 1,430 பேர் வேலையிழந்தார்கள். சுமார் 3.7 லட்சம் பேர் வேலை செய்யும் நகரத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால், திட்டம் வென்றது என்று சொல்பவர்கள் உண்டு. சரியாக ஓராண்டில், 2023 பிப்ரவரியில், அதே நகரம் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. வேலையிழந்தவர்கள் நீதிமன்றத்தில் நின்றார்கள். ஆனால் அந்த நகரம் இருக்கும் நியூயார்க் மாநிலம் செய்த இன்னொரு காரியம் பெரிதாகப் பேசப்படவில்லை. 2021 மார்ச்சிலேயே ஒரு சட்டம் போட்டார்கள்: ஒவ்வொரு ஊசிக்கும் நான்கு மணி நேரம் வரை சம்பளத்தோடு விடுப்பு, அரசு ஊழியருக்கும் தனியார் ஊழியருக்கும். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மேயரின் கெடுவை அல்ல, இந்த நான்கு மணி நேரத்தை. நம் வெயிலுக்கும் நம் வேலைக்கும் அதை ஒரு முழு நாளாக்க வேண்டும்.

எல்லோரும் ஊசி போட்டுவிட்டால் விடுப்புக்கு என்ன தேவை என்று கேட்கிறவர்களுக்கு 2022 ஜனவரி பதில் சொல்லியிருக்கிறது. ஒமைக்ரான் வந்தது. இரண்டு ஊசி போட்டவர்களும் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். உயிர்ச்சேதம் குறைந்தது தடுப்பூசியால். தொற்றிக்கொள்வதை அது முழுதாகத் தடுக்கவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் அப்போது வீட்டுத் தனிமையை ஏழு நாளாகக் குறைத்தது. ஒப்பந்தப் பணியாளருக்கு ஏழு நாள் என்பது ஏழு நாள் கூலி, பாதி மாத வாடகை. நூறு சதவீதம் ஊசி போட்ட வார்டிலும், காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவார். ஒரே மினி லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து போகிறவர்கள் அவர்கள்.

நிதித்துறை இதற்குச் சம்மதிக்குமா என்பதுதான் தங்கள் மனதில் அடுத்து வரும் கேள்வியாக இருக்கும். ஒரு எளிய கணக்கு. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுத்தால் 1,200 நாள். ஒரு பணியாளர் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 நாள் வேலை செய்கிறார். ஆக, நூறு பேருக்கு நான்கு பேர் கூடுதலாக இருந்தால் ஒரு நாளும் தெரு பெருக்காமல் கிடக்காது. ரயில்வேயில் ‘லீவ் ரிசர்வ்’ என்றே பணியிடங்கள் இருக்கின்றன. விடுப்பில் போகிறவர் இடத்தை நிரப்புவதற்காகவே எடுக்கப்பட்ட ஆட்கள். நகராட்சி டெண்டரில் வண்டி எத்தனை, பேட்டரி எத்தனை, துடைப்பம் எத்தனை என்றெல்லாம் எழுதுகிறோம். விடுப்புப் பதிலிகள் எத்தனை பேர் என்று ஒரு வரி ஏன் எழுதக் கூடாது? அந்த வரி டெண்டரில் இல்லாவிட்டால், விடுப்பு கொடுக்கும் நல்ல காண்ட்ராக்ட்காரர் அதிக விலை கேட்டவராகித் தோற்றுப்போவார். கொடுக்காதவருக்கு வேலை கிடைக்கும். எல்லோரும் அந்தச் செலவைச் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்று தங்கள் துறை எழுதிவிட்டால் அந்தப் போட்டி நின்றுவிடும். வந்த ஆள் கணக்குக்கு மட்டும் பில் என்ற ஏற்பாடு எங்கே இருந்தாலும் அதையும் மாற்ற வேண்டும். நோய் விடுப்பில் இருப்பவரின் கூலியும் பில்லில் ஏற வேண்டும், அது அவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே காண்ட்ராக்ட்காரருக்கு மீதிப் பணம்.

இதில் ஏமாற்று நடக்கும் என்பார்கள். நடக்கலாம். அதற்காக முதல் நாளே மருத்துவச் சான்று கேட்காதீர்கள். காய்ச்சலோடு அரசு மருத்துவமனை வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கி, சான்றுக்காக மறுபடி நிற்பதற்குள் அவர் இன்னும் நாலு பேருக்கு நோயைக் கொடுத்திருப்பார். முதல் மூன்று நாளுக்குப் பணியாளர் சொல்லே போதும். அதற்கு மேல் போனால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டு. அலுவலகத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு விண்ணப்பத்தை நீட்டித் தற்செயல் விடுப்பு எடுக்கும்போது நாம் சான்று கேட்பதில்லை. அந்த நம்பிக்கையை வண்டி தள்ளுகிறவரிடமும் வையுங்கள்.

ஊசி விஷயத்தில் நான் கேட்பது கடினமானதில்லை. ஊசி போடுகிறவர் மஸ்டர் பாயிண்ட்டுக்கு வரட்டும், வேலை நேரத்தில் வரட்டும். 2021 ஏப்ரலில் நூறு பேர் சேரும் பணியிடங்களிலேயே தடுப்பூசி மையம் நடத்த மத்திய அரசு அனுமதித்தது. நமக்கு நூறு பேர் சேர இரண்டு மூன்று வார்டுகளை ஒன்றாகக் கூப்பிட்டாலே போதும். ஒரே நாளில் எல்லோருக்கும் போடாமல் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துப் போட்டால், மறுநாள் ஓய்வு கொடுப்பதால் தெரு தேங்காது. அந்த ஓய்வு சம்பளத்தோடு, காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும். வேண்டாம் என்பவரிடம் மருத்துவர் பேசட்டும், இரண்டாவது முறையும் பேசட்டும். அப்போதும் வேண்டாம் என்றால் அவர் வேலையையும் கூலியையும் தொடாதீர்கள். தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மட்டும் மருத்துவமனை வளாகம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் இருந்து வெளித்தெரு வேலைக்கு மாற்றுங்கள், நல்ல முகக்கவசம் கொடுங்கள், பரிசோதனை செய்யுங்கள். உச்சம் குறைந்ததும் மாற்றத்தை விலக்குங்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு என்பது எனக்குப் புரிந்தவரை இதுதான்.

இறந்தவர்கள் குடும்பத்துக்கு வரும் பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இ.எஸ்.ஐ.யின் கொரோனா நிவாரணத் திட்டம், இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரை மாதாமாதம் தர வழி செய்தது. ஆனால் நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பே பதிந்திருக்க வேண்டும், முந்தைய ஓராண்டில் 70 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். காண்ட்ராக்ட்காரர் கணக்கில் செய்த தவறுக்கு விதவை அலைய நேர்ந்தால் அது அநியாயம். பங்களிப்பு அறுந்துபோன இடத்தில் அந்த இழப்பை உள்ளாட்சி முதலில் ஈடு செய்துவிட்டு, காண்ட்ராக்ட்காரரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும்.

தொற்றில்லாத காலத்திலும் இந்த விதிக்கு வேலை இருக்கிறது. குப்பையில் கிடக்கும் ஊசி குத்தி ஹெபடைடிஸ்-பி வரலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றும் போட்டால்தான் முழுப் பலன். ஆறு மாதத்துக்குள் காண்ட்ராக்ட் மாறினால் மூன்றாவது ஊசி யார் பொறுப்பு? டெட்டனஸ் ஊசி, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை, இவையெல்லாம் பணியாளரோடு போக வேண்டுமே தவிரக் காண்ட்ராக்ட்டோடு போகக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவ அட்டை, அது நகர்நல அலுவலரின் பொறுப்பில்.

2025 ஆகஸ்டில், சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய போராட்டம் கைதுகளில் முடிந்த மறுநாளே, அமைச்சரவை கூடித் தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சைத் திட்டம், 10 லட்சம் ரூபாய் காப்பீடு, காலை உணவு என்று அறிவித்தது. வரவேற்கிறேன். நுரையீரலும் தோலும் கெட்ட பிறகு சிகிச்சை தருவது தேவையான உதவி. கெடுவதற்கு முன், உடம்பு ‘இன்றைக்கு முடியாது’ என்று சொல்லும் காலையில் படுத்திருக்க ஒரு நாள் தருவதும் அதே திட்டத்தில் சேர வேண்டியது. அறிவிப்பில் அதைக் காணவில்லை.

25 மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் தங்கள் துறையின் கீழ் வருகின்றன. ஊராட்சிகளில் மதிப்பூதியத்துக்கு வேலை செய்யும் தூய்மைக் காவலர்கள் ஊரக வளர்ச்சித் துறையில் வருகிறார்கள். ஆகவே இந்த மடலின் நகலை அந்தத் துறைச் செயலாளருக்கும் அனுப்புகிறேன். ஒரே கிருமிக்கு இரண்டு துறை, இரண்டு விதி என்று இருக்க வேண்டாம்.

நான் கேட்பது ஒரு வரைவு ஆணை. நிரந்தரம், தொகுப்பூதியம், தினக்கூலி, அவுட்சோர்சிங் என்ற நான்கு வகையினருக்கும் ஒரே நோய் விடுப்பு, ஒரே தடுப்பூசி விடுப்பு என்று அதன் முதல் பத்தியிலேயே எழுதியிருக்க வேண்டும். இறுதி செய்வதற்கு முன் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சங்கமில்லாத ஊர்களில் மஸ்டர் பாயிண்ட்டுக்கு ஒரு பணியாளரை, பாதியாவது பெண்களாக, கூப்பிட்டுப் பேசுங்கள். வரைவைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு மஸ்டர் பாயிண்ட்டிலும் ஒட்டுங்கள். கருத்துச் சொல்ல முப்பது நாள் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது டெங்குவும் ஃப்ளூவும் ஒவ்வோர் ஆண்டும் வரத்தான் செய்கின்றன. அடுத்து வரும் பருவமழைக்கு முன் கையெழுத்தானால், அந்தக் காய்ச்சல் மாதங்களிலேயே ஆணையை நடத்திப் பார்த்துக் குறை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். நடப்பில் உள்ள டெண்டர்களுக்கும் அது பொருந்தும் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருங்கள் என்று பணியாளர்களிடம் சொல்லிவிடுவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வரி செலுத்துபவர்